மேடைக்கு வந்த மொட்டை

போலீஸ் ஸ்டேஷன் டீ இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை, மேடம். இஞ்சியை நிஜமாகவே தட்டிப் போட்டிருக்கிறார்கள். என் ஷோரூம் பக்கத்துக் கடைக்காரன் இஞ்சியை டம்ளருக்குத் தூரத்திலிருந்து காட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவான்.

சரி, சொல்கிறேன். ரைட்டர் ஐயா எழுதிக்கொள்ளட்டும். நான் கொஞ்சம் மேடைத் தமிழில்தான் பேசுவேன். மைக்கைப் பிடித்துப் பிடித்து நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

பெயர் டாக்டர் திருமலைச்சாமி. அந்த டாக்டரையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். மருத்துவர் இல்லை, டைல்ஸ் வியாபாரம். என் சமூக சேவையைப் பாராட்டி ஒரு பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது. அது எந்த நாட்டுப் பல்கலைக்கழகம் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. பட்டத்தைச் சென்னையில் ஒரு ஹோட்டல் ஹாலில் வைத்துக் கொடுத்தார்கள். அங்கியும் தொப்பியும் வாடகைக்கு எடுத்தது, சாப்பாடும் சுமார்தான். ஆனால் திண்டுக்கல்லுக்கு வந்து ஊசி போடுகிற டாக்டர் என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. நான் பொய் பேசுகிறவன் இல்லை. அவர்களாக நினைத்துக்கொண்டால் கூப்பிட்டு வைத்துத் திருத்திக்கொண்டிருக்க முடியுமா?

சைக்கிளுக்கு நான் வந்தது சர்க்கரையால். எங்கள் 'பெடல் தோழர்கள்' குழுவில் எல்லாரும் அப்படித்தான். சர்க்கரை, கொழுப்பு, பெண்டாட்டி, இந்த மூன்றில் ஏதோ ஒன்றிடமிருந்து தப்பித்து விடிகாலையில் ரோட்டுக்கு வந்தவர்கள். வந்த புதிதில் ஊர் எங்களைப் பார்த்துச் சிரித்தது. உட்காருகிற இடத்தில் பஞ்சு வைத்த டவுசர் போட்டுக்கொண்டு நாலு தொப்பைகள் வரிசையாகப் போனால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் என்னை நிறுத்தி, "ஏன் சார், பைக்கு ரிப்பேரா?" என்று அக்கறையாகக் கேட்டார். என் சைக்கிள் அவருடைய பைக்கைவிட விலை அதிகம் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அப்புறம்தான் எனக்கு யோசனை வந்தது. காரணம் இல்லாமல் டவுசர் போட்டுப் போனால் சிரிப்பார்கள். புற்றுநோய்க் குழந்தைகளுக்காக என்று முதுகில் அச்சடித்துக்கொண்டு போனால் அதே டவுசருக்கு மாலை போடுவார்கள். போட்டார்கள். முதல் வருடம் திண்டுக்கல்லிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் போனோம். வசூலான பணத்தை அப்படியே ஆஸ்பத்திரியில் கொடுத்தோம். நீங்கள் அந்தப் பக்கம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், மேடம். பணத்தில் நான் கை வைக்கவில்லை. எனக்குப் பணம் தேவையும் இல்லை.

ஆனாலும் முதல் வருடம் ஏதோ ஒன்று குறைந்தது. மாலை விழுந்தது, கண்ணீர் வரவில்லை. எங்கள் குழுவில் ஃப்ளெக்ஸ் அடித்துக்கொடுக்கிற அஜித்துதான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னான்.

"அண்ணே, குழந்தைகள்னு மொத்தமா சொன்னா ஒருத்தனும் நின்னு பாக்க மாட்டான். ஒரே ஒரு புள்ள வேணும்ணே. ஒரே ஒரு மூஞ்சி. அப்பத்தான் சனம் கலங்கும்."

சின்னப் பையன், ஆனால் தொழில் தெரிந்தவன். இந்த வருடம் ஒரு குழந்தையின் பெயரில் போவது என்று முடிவு செய்தோம். மதுரையில் தெரிந்த ஒருவர் மூலமாக சௌகத் அலியின் நம்பர் கிடைத்தது. நம்மூர் பேகம்பூர்க்காரர், தோல் மண்டியில் வேலை பார்க்கிறார். மகள் பாஸிலாவுக்கு ரத்தப் புற்றுநோய், மதுரையில் வைத்தியம் நடக்கிறது. எல்லாம் நான் ஒருத்தன் மட்டும் போனில் பேசியதுதான். நல்ல மனிதர். பேச்சில் ஒரு மரியாதை இருந்தது.

"சார், காசு எப்படியோ பொரட்டிக்கிருவேன்" என்றார். "ரத்தத்துக்குத்தான் சார் ஒவ்வொரு வாட்டியும் நாயா அலையிறேன். ஓ நெகட்டிவ். எங்க சொந்தத்துல ஒருத்தருக்கும் ஒத்துவரல. உங்ககூட ஓட்டுறவங்கள்ல அந்த வகை ரெண்டு பேரு இருந்தாக்கூட எம் புள்ள பொழச்சுக்கிரும்னு டாக்டரு சொல்றாங்க."

"நாங்க அம்புட்டுப் பேரும் இருக்கோம் பாய்" என்றேன். அது பொய் இல்லை. எங்கள் குழுவில் ரத்த வகை பார்க்கிற முகாம் நடத்தியிருந்தோம். அந்த வகைக்காரர்கள் இருந்தார்கள். யார் யார் என்பதும் எனக்குத் தெரியும். அவர் போனிலேயே அழுதுவிட்டார்.

தைப்பூசம் முடிந்த கையோடு ஜெர்சி வெளியீட்டு விழா வைத்தோம். மண்டபம் நிறைந்துவிட்டது. சௌகத் அலி, அவர் மனைவி குர்ஷித் பேகம், அந்தக் குழந்தை மூன்று பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை அவர்களை நேரில் பார்த்ததே இல்லை. அறிவிப்பாளர் குரலை நடுங்கவைத்து, "இப்போது அந்தத் தெய்வக் குழந்தையை மேடைக்கு அழைக்கிறோம்" என்றார். நான் கீழே இறங்கினேன். குழந்தையை நானே தூக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்பது ஏற்பாடு. வீடியோக்காரன் இடது பக்கம் நின்றான். எனக்கு இடது பக்கம்தான் நன்றாக வரும்.

எந்தக் குழந்தை என்று பார்த்தேன். மேடைப் படிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒல்லி, பெரிய கண்கள், வழுவழுவென்று மொட்டைத் தலை. தூக்கிவிட்டேன்.

சிரிக்காதீர்கள், ரைட்டர் ஐயா. நீங்களும் இந்த ஊர்தான். ஜில்லாவே பழனிக்குப் போய் முடி இறக்குகிற மாதம், தெருவுக்கு நாலு மொட்டை திரிகிற நேரம், அதில் ஒரு மொட்டையைப் பார்த்து எனக்குப் புற்றுநோய் என்று தோன்றியிருக்கிறது. கூகுளில் பார்த்த போஸ்டர்கள் எல்லாம் மண்டைக்குள் இருந்தால் அப்படித்தான் ஆகும். நிஜக் குழந்தையின் தலையைச் சுற்றி அவள் அம்மா ரோஸ் கலரில் துணி கட்டிவிட்டிருந்தாள். பேகம்பூர்ப் பிள்ளை தலையில் துணி இருப்பதை யார் விசேஷமாகப் பார்க்கப்போகிறார்கள்? என் கண் அவளைத் தாண்டிப் போய்விட்டது.

நான் தூக்கியது பூக்காரி சோலையம்மாளின் மகள் மணிமேகலை. நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து விழா மாலைகளை வேனில் கொண்டுவந்து இறக்கியவள் சோலையம்மாள். லீவு நாள் என்று பிள்ளையையும் கூட்டி வந்திருந்தாள். போன வாரம்தான் பழனியில் முடி கொடுத்திருக்கிறார்கள்.

மேடையில் அந்தப் பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கூட்டத்தைப் பார்த்த பயம். மண்டபமே உச்சுக்கொட்டியது. நான் மைக்கைப் பிடித்து, "இந்தப் பூ வாடக் கூடாது" என்றேன். அதற்குமேல் பேச முடியவில்லை, அழுதுவிட்டேன். நிஜமான அழுகை, மேடம். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பெரிய பெரிய ஆட்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். வயிற்றுக்குள் சிரித்துக்கொண்டே திரிகிற எங்கள் தோழர்கள்கூட மூக்கைச் சிந்தினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ பழனியிலிருந்து பரமக்குடி வரைக்கும் போய்விட்டது.

விழா முடிந்து எல்லாரும் கேசரி சாப்பிடுகிற நேரத்தில் சௌகத் அலி என்னிடம் வந்தார்.

"சார், நாந்தான் சௌகத் அலி. எங்க புள்ளயக் கூப்புடலயே, அதான்..."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பக்கத்தில் ரோஸ் துணி கட்டிய பெண் நின்று என் சைக்கிளின் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான், "அடுத்த நிகழ்ச்சியில பாய்" என்றேன்.

"பரவால்ல சார். அந்தப் புள்ளயும் பாவந்தானே. அதுக்கும் இதே நோவா?"

நான் தலையை அசைத்தேன். எந்தப் பக்கம் அசைத்தேன் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. குர்ஷித் பேகம் மணிமேகலையிடம் போய் அவள் மொட்டைத் தலையைத் தடவி, "உனக்கும் துவாச் செய்றேன் கண்ணு" என்று சொல்லித் தன் மகளுக்காக வைத்திருந்த பிஸ்கட்டை அவளுக்குக் கொடுத்தாள். சோலையம்மாள் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்கு ஏதோ பரிசு விழுந்திருக்கிறது என்று நினைத்தாளாம்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நான் மேடையில் அழுதுவிட்டேன், மேடம். அழுத பிறகு ஆள் மாறிவிட்டது என்று எப்படிச் சொல்வது? யாருக்காக அழுதாய் என்று கேட்பார்கள். ஆரோக்கியமான பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தவன் என்று திண்டுக்கல்லில் எனக்குப் பெயர் வந்தால் அது சாகிற வரைக்கும் போகாது. என் பெயர் போனால் என்னோடு பயணமும் போகும், பயணம் போனால் குழந்தைகளுக்குத்தான் நஷ்டம். அப்படித்தான் நான் யோசித்தேன்.

மறுநாள் அஜித்து ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டான். நடுவில் மணிமேகலையின் மொட்டை, அதற்கு மேலே நான், சுற்றிலும் வட்ட வட்டமாகத் தோழர்களின் முகங்கள், முகத்துக்குக் கீழே அவரவர் போன் நம்பர். நம்மூர் ஃப்ளெக்ஸில் நம்பர் போடாவிட்டால் ஒருத்தனும் காசு கொடுக்க மாட்டான். பேனர் பார்க்க நன்றாகவே இருந்தது.

சோலையம்மாள் ரெண்டு வாரம் கழித்து ஷோரூமுக்கு வந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, டைல்ஸ் அழுக்காகிவிடுமோ என்று ஓரமாக நின்றாள்.

"டாக்டரய்யா, எம் புள்ள படத்தப் போட்டு என்னமோ நோயின்னு எழுதிருக்காம்ல? மார்க்கெட்டுல ஜக்கம்மா நான் கட்டுன பூவத் தொட மாட்டேங்குது. ஒட்டுவாரொட்டியாம். பள்ளிக்கூடத்துல புள்ளகூட யாரும் உக்கார மாட்டேங்குதுக."

"நோயின்னு எங்கயும் போடலம்மா. 'இந்தப் புன்னகைக்காக'ன்னுதான் போட்டுருக்கோம்" என்றேன். அதுவும் உண்மை. ஃப்ளெக்ஸில் எழுத்துப்பிழை இருந்தது, பொய் இல்லை.

அவள் போகாமல் நின்றாள். முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள்.

"அன்னைக்குத் தூக்குனப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சோ? ஒளிக்காமச் சொல்லுங்க. நீங்க டாக்டரு. பாத்த ஒடனே தெரியுமாம்ல? ரெண்டு நாளா செத்த சோர்ந்தாப்புல இருக்கு. சோறு எறங்கல. எம் புள்ளைக்கு ஏதாச்சும் இருக்கா?"

மேடம், இந்த இடத்தில் நான் 'ஒன்றும் இல்லை' என்று சொல்லியிருந்தால் அவள் சந்தோஷமாகப் போயிருப்பாள். போய் மார்க்கெட்டில் ஜக்கம்மாளிடம் சண்டை பிடித்திருப்பாள். பூ மார்க்கெட்டில் ஒரு சண்டை நடந்தால் மத்தியானத்துக்குள் அது திண்டுக்கல்லுக்கு வேனில் வந்து இறங்கிவிடும். நான் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்தேன். பிறகு, "இப்பத்திக்கு ஒண்ணும் பயப்பட வேண்டாம்மா. நாங்க பாத்துக்கிறோம்" என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போட்டு அழவில்லை. "முடி குடுத்தும் இப்படிப் பண்ணிட்டானே முருகன்" என்று மட்டும் சொன்னாள். நான் பையனை விட்டு சோடா வாங்கிவரச் சொன்னேன். நான் ஒரு நோயின் பெயரையும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதும் இல்லையே, அதனால் வசதியாக இருந்தது. வேறு டாக்டரிடம் காட்டட்டுமா என்று கேட்டாள். இப்போது வேண்டாம், பயணம் முடியட்டும், பெரிய இடத்தில் நானே காட்டுகிறேன் என்றேன். இங்கே யாராவது அரைகுறையாகப் பார்த்துவிட்டு பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டால் என்ன செய்வது?

பிள்ளைக்கு ஒரு சைக்கிள் வாங்கி அனுப்பினேன். கூடை வைத்தது. பயணத்துக்கு முந்தின வாரம் முடி நன்றாக வளர்ந்துவிட்டதாகத் தெரிந்தது. ஆரோக்கியமான பிள்ளைக்கு முடி அப்படித்தான் வளரும், தடுக்க முடியாது. முடிதிருத்துகிற ஒருவரை அனுப்பி மறுபடியும் எடுக்கச் சொன்னேன். வைத்தியத்துக்காகவா என்று சோலையம்மாள் கேட்டாளாம். ஆமாம் என்று அவரே சொல்லிவிட்டார். பிள்ளை மட்டும், "நான் செத்துப்போயிருவனா?" என்று அவரிடம் கேட்டிருக்கிறது. அவர் எனக்குப் போன் போட்டு, இனிமேல் இந்த மாதிரி வேலைக்குக் கூப்பிடாதீர்கள் என்றார். கூலியும் வாங்கவில்லை. சிலர் அப்படித்தான், எல்லாவற்றையும் சட்டென்று மனசில் போட்டுக்கொள்வார்கள்.

பயணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், நான் தோழர்களுக்கு வாழைப்பழமும் கடலைமிட்டாயும் எண்ணிப் பை போட்டுக்கொண்டிருந்தபோது சௌகத் அலி கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது.

"சார், பாப்பாவுக்கு மூக்குல ரத்தம் நிக்கல. காலைல இருந்து போகுது. ஒடனே ரத்தம் ஏத்தணுங்கிறாங்க. இங்க அந்த வகை கையிருப்பு இல்லயாம். நாலா பக்கமும் கேட்டுட்டேன். உங்க ஆளுகளச் செத்த அனுப்பி வைங்க சார். மதுரைதானே சார். நான் வண்டி அனுப்புறேன்."

"பாக்குறேன் பாய்" என்றேன்.

நான் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். அவசரத்தில் முடிவெடுக்கிறவன் இல்லை நான். தோழர்களில் ஒருவன் அந்த வார்டுக்குப் போகிறான் என்று வையுங்கள். அங்கே சௌகத் அலி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் சைக்கிள் பயணமே என் பிள்ளைக்காகத்தானே என்பார். இவன், இல்லையே, எங்கள் பிள்ளை மணிமேகலையாச்சே என்பான். ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினால் எங்கே போய் முடியும்? மறுநாள் காலையில் கொடியசைக்க ஊரே வரப்போகிறது. பேண்டு வாத்தியத்துக்குச் சொல்லியாகிவிட்டது. அந்த நேரத்தில் ஊரைக் குழப்பக் கூடாது.

அதனால் அனுப்பவில்லை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் சௌகத் அலியின் கையில் எங்கள் ஃப்ளெக்ஸின் போட்டோ இருந்தது. அதில் எல்லாருடைய நம்பரும் இருந்தது. அவர் சும்மா இருக்க மாட்டார், ஒவ்வொருவராகக் கூப்பிடுவார் என்று எனக்குத் தோன்றியது. தகப்பன் அல்லவா? முந்திக்கொண்டு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். அதை உங்கள் ஆட்கள் என் போனிலிருந்து எடுத்துவிட்டார்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 'தோழர்களே, நம் பயணத்தின் பெயரைச் சொல்லி ரத்தம் கேட்டு யாராவது அழைத்தால் அது மோசடி. தயவுசெய்து பேச வேண்டாம். நம் குழந்தை நலமாக இருக்கிறாள்.'

கடைசி வரி உண்மை. மணிமேகலை நலமாகத்தான் இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பதில்கள் வர ஆரம்பித்தன. எனக்கும் வந்தது, கட் பண்ணிவிட்டேன் என்று ஒருத்தர். அழுது நடிக்கிறான் சார், என்னமாய் நடிக்கிறான் என்று இன்னொருத்தர். கட்டைவிரல்கள், கும்பிடுகள், சிரிக்கிற மூஞ்சிகள். எங்கள் குழுவில் அவ்வளவு ஒற்றுமையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

காலையில் கொடியசைப்பு நன்றாக நடந்தது. மணிமேகலைதான் கொடியைப் பிடித்தாள். சிரிக்கவே இல்லை. படத்துக்கு அதுவும் பொருத்தமாக இருந்தது. சோலையம்மாள் என் காலில் விழ வந்தாள், நான் தடுத்துவிட்டேன். இந்த விஷயத்தில் எனக்குக் கூச்சம் உண்டு.

சின்னாளப்பட்டியில் சால்வை போட்டார்கள், காந்திகிராமத்தில் மாணவர்கள் மோர் கொடுத்தார்கள். கொடைரோடு தாண்டியதும் எங்கள் தோழர்கள் ரெண்டு பேர் சைக்கிளோடு பூ வேனில் ஏறிவிட்டார்கள். மதுரை எல்லையில் இறங்கிக்கொண்டு, மல்லிகை வாசத்தோடு வியர்வை துடைத்தார்கள். அவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல காரியத்தில் சின்னச் சின்னக் குறைகள் இருக்கத்தான் செய்யும். மதுரைக்குள் எங்கள் பாதை அந்த ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான். முன்னாடியே போட்ட பாதை, மாற்றினால் கேள்வி வரும். குழந்தைகள் வார்டில் பலூன் கொடுக்கிற நிகழ்ச்சியை மட்டும் ரத்து செய்துவிட்டேன். வாசலைக் கடக்கும்போது எல்லாரையும் மணி அடிக்கச் சொன்னேன். மேலே ஜன்னல்களில் நின்று சிலர் கையசைத்தார்கள். நாங்களும் அசைத்தோம்.

நாங்கள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பாஸிலா போய்விட்டதாக நீங்கள் சொல்லித்தான் எனக்கு நேரம் தெரியும்.

விஷயம் வெளியே வந்தது கன்னியாகுமரியில். ஃபயாஸ் என்று பேகம்பூரில் மொபைல் கடை வைத்திருக்கிற தோழர். நல்ல ஓட்டக்காரன், எங்களில் ஏமாற்றாமல் முழுத் தூரமும் மிதித்தவன் அவன் ஒருத்தன்தான். கடையை விட்டு வர முடியாமல் ஜெர்சி விழாவுக்கு வராதவன். கடலுக்கு முன்னால் நாங்கள் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது அவன் அம்மா போனில் கூப்பிட்டாள். தோல் மண்டி சௌகத் அலி மகள் மவுத்தாகிவிட்டது, ரத்தம் கிடைக்கவில்லையாம், உங்கள் சைக்கிள்காரர்கள் எல்லாரையும் கெஞ்சினாராம் என்று. அவன் தன் போனை நோண்டினான். தான் கட் பண்ணிய நம்பரை எடுத்துத் திரும்பக் கூப்பிட்டான். எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தான்.

"யோவ், நீ மோசடின்னு சொன்னது அந்தப் புள்ளயப் பெத்த அத்தாவ. எனக்கு ஓ நெகட்டிவ்னு ஒனக்குத் தெரியும்ல? தெரிஞ்சுதான போட்ட?"

தெரியும் என்றேன். அடித்தான். பெரிய அடி இல்லை, அழுதுகொண்டே அடிப்பவன் கையில் பலம் இருக்காது. அப்புறம் ஜெர்சியைக் கழற்றி மணலில் போட்டுவிட்டு, பனியனோடு நடந்துபோய் பஸ் ஏறிவிட்டான். நேரே உங்களிடம்தான் வந்திருக்கிறான்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் நான் பேகம்பூருக்குத் துக்கம் கேட்கப் போனேன். இதையும் நீங்கள் வேறு மாதிரி கேள்விப்பட்டிருப்பீர்கள். சௌகத் அலி என்னை உள்ளே கூப்பிடவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை. வாசலிலேயே நின்று பேசினோம். அடுத்த வருடப் பயணத்தை பாஸிலாவின் பெயரிலேயே நடத்துகிறோம் என்று சொன்னேன். அதற்கு ஒரு நல்ல போட்டோ வேண்டும், முடிந்தால் தலையில் துணி இல்லாமல் எடுத்தது இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளேயிருந்து குர்ஷித் பேகத்தின் சத்தம் கேட்டது. அந்த மாதிரிச் சத்தத்தை நான் கேட்டதில்லை. அக்கம்பக்கத்தார் என்னைக் கையைப் பிடித்து வண்டிவரை கொண்டுவந்து விட்டார்கள். துக்கத்தில் இருப்பவர்களிடம் கோபப்படக் கூடாது. நான் கோபப்படவில்லை.

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று சோலையம்மாளிடம் நீங்களே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். நல்லது. அவள் நம்பவில்லை என்றும், டாக்டர் சொன்னால்தான் நம்புவேன் என்று பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றும் சொன்னீர்கள். என்னை அங்கே கூட்டிப்போனால் சொல்கிறேன். எனக்கு அதில் ஒரு ஆட்சேபணையும் இல்லை.

பாஸிலாவின் நோய் அப்படி, எப்படியும் பிழைத்திருக்காது என்று என் வக்கீல் சொல்லச் சொன்னார். ஆனால் அந்த ஆஸ்பத்திரி டாக்டர் உங்களிடம் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறார். மருந்து நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது, அன்றைக்கு ரத்தம் மட்டும் ஏறியிருந்தால் போதும் என்று. அவர் படித்த டாக்டர். அவர் சொன்னதையே எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், டீயும் ஆறிவிட்டது. ஆமாம் மேடம், நானும் ஓ நெகட்டிவ்தான். சௌகத் அலிக்கு அது தெரியும், முதல் போனிலேயே பெருமையாகச் சொல்லியிருந்தேன். அன்று சாயங்காலம் நான் பார்க்கிறேன் என்று சொன்ன பிறகும் அவர் போனை வைக்கவில்லை. "மத்தவங்கள விடுங்க சார், நீங்க ஒருத்தரு வந்தாப் போதும், எம் புள்ள ராத்திரியத் தாண்டிரும்" என்றார். கார் வாசலில்தான் நின்றது. போயிருப்பேன், சத்தியமாகப் போயிருப்பேன். ஆனால் ரத்தம் கொடுத்தவன் மறுநாள் சைக்கிள் மிதிக்கக் கூடாது என்பார்களே. நான் மிதிக்காவிட்டால் அந்தக் குழந்தைகளுக்காக வேறு யார் மிதிப்பார்கள்?